ஒரே நிமிடத்தில் மூன்று மௌனம்

அத்தியாயம் 6

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றி, எங்கள் முகத்தைப் பார்க்கும்படி மேஜைமேல் வைத்தார்.

"மணி இப்ப பன்னிரண்டரை. அஞ்சு வரைக்கும் டைம் தரேன் மேடம். அஞ்சுக்கு டாக்டர் இந்தப் புகார்ல கையெழுத்து போட்டுடுவார். போட்டுட்டா இந்தப் பொண்ணை நான் உள்ளே வைக்கத்தான் வேணும். அலட்சியத்தால மரணம். ஒண்ணும் பண்ண முடியாது."

இந்தப் பொண்ணு என்று அவர் சொன்ன பொறியாளர், சுவரோரப் பெஞ்சில் மடிக்கணினியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வயதுக்கு மேல் இருக்காது. வீடுகளில் வயர் இல்லாத கருவிகள் பொருத்திக் கொடுப்பது அவள் தொழில். நாலைந்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று முகமே சொன்னது.

எதிர் நாற்காலியில் பல் டாக்டர். செத்துப் போனது அவருடைய அம்மா. முப்பத்தைந்து வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக வசித்தவர். போன திங்கட்கிழமை மதியம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். கழுத்தில் ஒரு அவசரப் பொத்தான் தொங்கியது. அதை அழுத்தினால் வீட்டுக்குள் இருக்கும் பெட்டி கத்த வேண்டும், மகனின் போன் அலற வேண்டும். கையில் பொத்தானைப் பிடித்தபடிதான் கிடந்தார். பெட்டி கத்தவில்லை, போன் அலறவில்லை. மாலை ஆறு இருபதுக்குச் சமையலம்மா வந்துதான் கண்டுபிடித்தார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

"எனக்கு ஒரு பேர் வேணும் மேடம்," என்றார் டாக்டர். கண்கள் சிவந்திருந்தன. "எங்கம்மாவைக் கொன்னது யாருன்னு ஒரு பேர். அதுக்குத்தான் உங்களை வரச் சொன்னேன். என்னைக் கேட்டா அந்தப் பேர் அதோ பெஞ்சுல உட்கார்ந்திருக்கு."

"அஞ்சு மணிக்குள்ள பேர் தரேன்," என்றார் மேடம். "அதுவரைக்கும் பேனாவைத் திறக்காதீங்க."

மேடம் இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிக்கும் வேலையில் இருந்தவர். வாய் திறந்தால் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் போடுவார் என்பதால் வெளியே அவருக்குப் பெயர் தராசு. நான் பதினைந்து வருடம் மொட்டை மாடி மொட்டை மாடியாகத் தாவி டிவி இணைப்பு கொடுத்தவன். எனக்குப் பெயர் கேபிள். வயரே இல்லாத வழக்குக்குக் கேபிளை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறோமே என்று மேடம் வரும்போதே ஒரு குத்து குத்தியிருந்தார்.

"திங்கட்கிழமை மதியம் நீங்க எங்க இருந்தீங்க டாக்டர்?"

"கிளினிக்ல. ஒண்ணுலேருந்து மூணு வரைக்கும் கதவைச் சாத்திட்டு உள்ளேயே படுத்துக்குவேன். எதுக்கு?"

"எல்லாரையும் கேக்கற கேள்விதான்," என்று எழுந்தார் மேடம். "கேபிள், சாவியை வாங்கிக்கோ. பொண்ணையும் கூட்டிக்கோ."

பெண்ணை அனுப்ப இன்ஸ்பெக்டர் யோசித்தார். "ஓடிட்டா?"

"காத்தடிச்சா பறந்துடுவா போல இருக்கா, ஓடவா போறா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கே என்னவோ போல் ஆகிவிட்டது.

அந்த வீடு டெலிபோன் ஊழியர்களுக்காக எப்போதோ கட்டிய பழைய குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருந்தது. வாசல் கதவைத் திறந்ததும் ஜன்னலே இல்லாத நீண்ட நடை. நாங்கள் கால் வைத்ததும் உச்சியில் ஒரு விளக்கு தானாக எரிந்தது. வலப்பக்கம் கூடம், சமையலறை. நடையின் கோடியில் படுக்கையறை, அதை ஒட்டிக் குளியலறை. சுவர்கள் ஒன்றரை அடி கனம்.

"முதல்லேருந்து சொல்லும்மா," என்று கூடத்தில் உட்கார்ந்தார் மேடம். "எனக்குப் புரியற மாதிரி சொன்னா போதும். கேபிளுக்குப் புரியணும்னு மெனக்கெடாதே."

பெண் மடிக்கணினியைத் திறந்தாள். "எந்த முறையில பேசிக்கற கருவியை வைக்கலாம்னு முடிவு பண்றதுதான் மேடம் எங்க வேலையில பாதி. மூணு சாம்பிள் கொண்டு வந்து இதே மேஜையில வச்சேன். டாக்டர் சார் வைஃபை கேமரா வேணும்னார். கிளினிக்ல இருந்தே போன்ல பார்த்துக்கலாம்னு. ஆனா வைஃபைன்னா ஒவ்வொரு கருவியும் நேரா கூடத்துப் பெட்டிக்கிட்ட கத்திப் பேசணும். இந்தச் சுவத்தைத் தாண்டிக் குளியலறை வரைக்கும் போகாது. கழுத்துல மாட்டற பொத்தானுக்குப் பேட்டரியும் தாங்காது. ப்ளூடூத் ஒரு ரூமைத் தாண்டாது."

"அப்ப நீ எதைச் சொன்னே?"

"ஜிக்பீ. அதுல கருவிங்க மெதுவாத்தான் பேசும். ஆனா பக்கத்துல இருக்கற கருவிகிட்ட சொன்னா போதும், அது வாங்கி அடுத்ததுக்குக் கொடுக்கும். குளியலறைப் பொத்தான் நடை விளக்குகிட்ட சொல்லும், விளக்கு பெட்டிகிட்ட சொல்லும்." அவள் குரல் தழுதழுத்தது. "அம்மா இதைக் கேட்டுட்டுக் கையைத் தட்டினாங்க மேடம். 'இது எங்க எக்ஸ்சேஞ்ச் வேலைடி! ஒரு ஊர்க்காரன் சொல்றதை வாங்கி அடுத்த ஊருக்குப் போடறது. இதையே வை'ன்னாங்க. கேமரா வேண்டவே வேண்டாம், என்னை யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம்னாங்க. டாக்டர் சாருக்குக் கோபம். நான் அம்மா பக்கம் பேசினேன்."

"அன்னிக்கு என்ன ஆச்சு?"

அவள் திரையைத் திருப்பினாள். "பெட்டி ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை எல்லாக் கருவியையும் கூப்பிட்டு ஆஜர் எடுக்கும். ஒண்ணு நாற்பதுக்கு எல்லாரும் ஆஜர். ஒண்ணு நாற்பத்திரண்டுக்கு மூணு பேர் ஆப்சென்ட். நடை விளக்கு, அம்மா பொத்தான், குளியலறைக் கதவு திறக்கறதைச் சொல்ற சென்சார். அப்புறம் ஆறு இருபத்திரண்டுக்கு மூணுமே திரும்ப ஆஜர். அதனாலதான் போலீஸ் வந்து பார்த்தப்ப எல்லாம் ஒழுங்கா வேலை செஞ்சுது. வேண்டிய நேரத்துல செத்து, வேண்டாத நேரத்துல பொழைக்கிற கருவியை வித்திருக்கேன்னு சொல்றாங்க."

"மூணு பேட்டரி ஒரே நேரத்துல சாகுமா?" என்று கேட்டேன்.

"ஒப்பந்தம் போட்டுக்கிட்டாத்தான் சாகும்," என்றார் மேடம். "அதுவும் விளக்குக்கு ஏது பேட்டரி? முதல்ல விளக்கு போயிருக்கு. அதை நம்பிப் பேசினதுங்க ரெண்டும் வாயடைச்சுப் போயிருக்குங்க. விளக்கு ஏன் போச்சு?"

அதற்குள் எனக்கு ஒரு பொறி தட்டியது. மேல்வீட்டிலிருந்து மைக்ரோவேவ் அடுப்பின் மணிச் சத்தம் கேட்டதுதான் காரணம். மைக்ரோவேவும் இந்தக் கருவிகளும் ஒரே அலைவரிசையில் அடித்துக்கொள்ளும் என்று எங்கேயோ படித்திருந்தேன். பெண்ணும் ஆமாம் என்றாள். நான் ஒரே பாய்ச்சலாக மாடிக்கு ஓடி, மேல்வீட்டுக்காரரை மிரட்டிவிட்டு, மூச்சு வாங்க இறங்கி வந்தேன்.

"கண்டுபிடிச்சுட்டேன் மேடம்! தினம் ஒண்ணே முக்காலுக்குச் சாப்பாடு சூடு பண்றாராம்!"

"எவ்வளவு நேரம்?"

"மூணு நிமிஷம்."

"இங்க மௌனம் நாலரை மணி நேரம். அவ்வளவு நேரம் சூடு பண்ணினா அது சாப்பாடா, செங்கலா? உட்காரு."

உட்கார்ந்தேன். பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "விளக்குதான் தானா ஸ்தம்பிச்சிருக்கும்னு நினைக்கிறேன் மேடம். சுவிட்சை அணைச்சா கரண்ட் போயிடும், கரண்ட் போனா நடுவுல வாங்கிக் கொடுக்க ஆள் இல்லாம போயிடும். அதனால விளக்கு சுவிட்சைப் போட்டபடியே வச்சு டேப் ஒட்டினேன். ஆள் நடந்தா எரியும், இல்லேன்னா தானே மங்கிடும், சுவிட்சை யாரும் தொட வேண்டாம்னு அம்மாகிட்டயும் சமையலம்மாகிட்டயும் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். யாரும் தொடலேன்னா விளக்குதான் கோளாறு. அதைத் தேர்ந்தெடுத்தது நான்தானே."

படுக்கையறைப் பக்கம் போய்ச் சுவிட்சைப் பார்த்தோம். அகலமான டேப், மேலே 'தொடாதே' என்று பேனா எழுத்து. நடுவில் கிழிந்து, இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"யார் கிழிச்சது?"

"சமையலம்மா. ஆறு இருபதுக்கு. அவங்களே ஒத்துக்கிட்டாங்க."

சமையலம்மா இரண்டு தெரு தள்ளி இன்னொரு வீட்டில் வேலையாக இருந்தார். கூட்டிக்கொண்டு வந்தேன். வரும் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தவர், நடைக்குள் நுழைந்ததும் சுவரோடு ஒட்டி நின்றுவிட்டார். குளியலறைப் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் உங்களைத் திட்ட வரலை," என்றார் மேடம். "அன்னிக்குக் கதவைத் திறந்து வந்தீங்க. அப்புறம்?"

"இருட்டா இருந்துச்சும்மா. எப்பவும் கால் வச்சா பளிச்சுனு எரியும். அன்னிக்கு எரியலை. கூப்பிட்டேன், பதில் இல்லை. தடவிக்கிட்டே போயி சுவிட்சைத் தட்டினேன். டேப்பு கிழிஞ்சுது, லைட்டு வந்துருச்சு. அப்புறம்தான்..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தட்டினீங்களே, மேல் பக்கமா, கீழ்ப் பக்கமா?"

இப்படி ஒரு கேள்வியை யார் கேட்பார்கள்? சமையலம்மா கையைக் காற்றில் தூக்கி நினைவுபடுத்திப் பார்த்தார். "கீழேருந்து மேல தள்ளினேன்."

மேடம் பெண்ணிடம் திரும்பினார். "நீ டேப் ஒட்டினப்ப?"

"கீழே மேடம். கீழேன்னா போட்டிருக்குன்னு அர்த்தம்."

"அப்ப இவங்க மேலே தள்ளினது?"

"அணைச்சது..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"ஆமாம். இவங்க விளக்கை அணைச்சிருக்காங்க. அணைச்சதும் விளக்கு எரிஞ்சிருக்கு."

என் மண்டைக்குள் பதினைந்து வருட வயர் எல்லாம் ஒன்றாக முறுக்கிக்கொண்டது. பிறகு பளீரென்று அவிழ்ந்தது.

"மாடிப்படி லைட்டு!" என்று கத்தினேன். "மேடம், மாடிப்படியில கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச் இருக்கும். விளக்கு ஒண்ணுதான். எந்தச் சுவிட்சைத் தட்டினாலும் எரியறது அணையும், அணைஞ்சது எரியும். இந்த நடைக்கும் அப்படித்தான் போட்டிருக்கான். இதே விளக்குக்கு இன்னொரு சுவிட்ச் இருக்கு!"

"பரவாயில்லையே," என்றார் மேடம். "கேபிளைக் கூட்டிக்கிட்டு வந்தது வீண் போகலை. தேடு."

ஒரு கோடியில் ஒன்று இருந்தால் மறு கோடியில்தான் மற்றது இருக்கும். மறு கோடி வாசல். வாசல் கதவை ஒட்டி, சுவரை மறைத்துக்கொண்டு பழைய செருப்பு அலமாரி நின்றது. வெளியே எங்கும் சுவிட்ச் இல்லை. அலமாரியைத் திறந்து, மேல்தட்டுக்குள் கையை விட்டுச் சுவரைத் தடவினேன். பின்பலகையில் உள்ளங்கை அளவுக்கு வெட்டி எடுத்த ஓட்டை. அதற்குள் வட்டமான பழைய கறுப்புச் சுவிட்ச். அலமாரி செய்த தச்சன் சுவிட்சை மாற்றச் சோம்பல்பட்டு, ஓட்டை போட்டு விட்டுவிட்டான்.

தட்டினேன். விளக்கு அணைந்தது.

"பொத்தானை அழுத்து," என்றார் மேடம். பெண் குளியலறைக்குள் போய் அழுத்தினாள். கூடத்துப் பெட்டி வாயே திறக்கவில்லை. நான் சுவிட்சை மறுபடி தட்டினேன், சிறிது பொறுத்து அவள் மறுபடி அழுத்தினாள். பெட்டி வீறிட்டது.

அவள் குளியலறை வாசலிலேயே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். கருவி கெட்டுப்போகவில்லை என்ற நிம்மதியில் அழுகிறாள் என்று முதலில் நினைத்தேன்.

"நான் அந்த அலமாரியைத் திறந்து பார்த்திருக்கணும் அண்ணா," என்றாள். "பழைய வீடுன்னு தெரியும். ஒரே விளக்கை நம்பியிருக்கக் கூடாது. கூடத்துப் பக்கம் சேதியை வாங்கிக் கொடுக்கற பிளக்கு ஒண்ணு வச்சிருந்தா, இந்த வழி அடைச்சா அந்த வழியாப் போயிருக்கும். அம்மா ஒரு கருவி போதும், வீடெல்லாம் மாட்டாதேன்னாங்க. நான் சரின்னுட்டேன்."

ஆறுதல் சொல்லத் தெரியாத வாய் இது. கிண்டல்தான் தெரியும். அதுவும் அப்போது வரவில்லை.

மேடம் சமையலம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தச் சுவிட்ச் உங்களுக்குத் தெரியுமா?"

"இப்பத்தான் பார்க்கறேன். ரெண்டு வருஷமா வரேன், அந்த அலமாரியைத் தொட்டதே இல்லை. என் செருப்பு வெளியிலதான் கிடக்கும்."

"அன்னிக்குச் சமையலறையில கழுவ என்னென்ன கிடந்தது?"

"ரெண்டு தட்டு, ரெண்டு டம்ளர். ஆஸ்பத்திரியிலேருந்து மறுநாள் வந்துதான் கழுவினேன்."

"ரெண்டு. இதை ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"யாரும் கேக்கலையேம்மா."

அவரை அனுப்பிவிட்டு மேடம் நடையில் இரண்டு முறை நடந்தார். விளக்கு எரிந்தது, மங்கியது, எரிந்தது.

"யாரோ சாப்பிட வந்திருக்காங்க. ஒண்ணு நாற்பத்தொண்ணுக்கோ நாற்பத்திரண்டுக்கோ கிளம்பியிருக்காங்க. கிளம்பறப்ப சுவிட்சைத் தட்டியிருக்காங்க."

"பக்கத்து வீட்டுக்காரரா இருக்கும் மேடம். அந்தப் பெட்டி கத்தினா தூக்கம் கெடுதுன்னு புலம்பறாராம், மேல்வீட்டுக்காரர் சொன்னார். வேணும்னே பண்ணியிருப்பார்."

"வேணும்னே பண்றவன் டேப் ஒட்டின சுவிட்சைத்தானே தேடுவான்? அதுலதானே 'தொடாதே'ன்னு எழுதியிருக்கு? இதைப் பண்ணினது மூளை இல்லை கேபிள். கை." அவர் முகம் சுருங்கிக் கிடந்தது. ஒரு வழக்கு முடியும்போது அவர் முகத்தில் வரும் வெளிச்சம் வரவில்லை. "டாக்டரையும் இன்ஸ்பெக்டரையும் நாலரைக்கு இங்க வரச் சொல்லு. புகாரையும் எடுத்துக்கிட்டு."

நாலரைக்கு வந்தார்கள். டாக்டர் அலமாரிக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தார். பெண்ணைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பேர் கிடைச்சுதா?"

"கிடைச்ச மாதிரிதான். ஸ்டேஷன்லயே பேசிடலாம், இன்ஸ்பெக்டருக்கு எழுதிக்க வசதியா இருக்கும்," என்றார் மேடம்.

"அப்ப எதுக்கு இங்க வரச் சொன்னீங்க?" என்று இன்ஸ்பெக்டர் எகிறினார். மேடம் அவரைப் பார்த்த பார்வையில் அவரும் அடங்கிவிட்டார்.

"நீங்க முன்னால போங்க டாக்டர். நான் குளியலறையை ஒரு தடவை பார்த்துட்டு வரேன்." என் பக்கம் வந்து, காதோடு சொன்னார். "பெட்டி கிட்ட நில்லு. அங்கேருந்து வாசல் தெரியும். யார் முகத்தையும் பார்க்காதே. கையைப் பாரு."

டாக்டர் நடையில் நடந்தார். விளக்கு எரிந்தது. முக்காலியில் உட்கார்ந்தார். இடது ஷூ, பிறகு வலது ஷூ. நாடாவை இறுக்கி முடிந்தார். எழுந்து நின்று இடது கையால் கதவின் தாழ்ப்பாளை விலக்கினார். அதே நேரத்தில் வலது கை, தலையைக் கூடத் திருப்பாத அவருடைய வலது கை, தானாக உயர்ந்து, அலமாரிக் கதவை விலக்கி, மேல்தட்டுக்குள் போனது.

டக்.

நடை இருண்டது.

"கேபிள்," குளியலறையிலிருந்து மேடத்தின் குரல் வந்தது. "பொத்தானை அழுத்திட்டேன். பெட்டி கத்திச்சா?"

"இல்லை மேடம்."

"மறுபடி அழுத்தறேன். இப்ப?"

"இல்லை மேடம்."

டாக்டர் திரும்பிப் பார்த்தார். கை இன்னும் அலமாரிக்குள்தான் இருந்தது. என்ன நடந்தது என்று அவருக்குப் புரிய நாலைந்து நொடி ஆனது. திறந்த கதவிலிருந்து வந்த வெளிச்சத்தில் அவர் முகம் புரிந்துகொள்வதை நான் பார்த்தேன். பார்க்காதே என்று மேடம் சொன்னது எவ்வளவு நல்லது என்று அப்போதுதான் தெரிந்தது.

"இது... இது என்ன?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மேடம் வந்தார். பொத்தான் கையில் இருந்தது. "நடை விளக்குக்கு ரெண்டாவது சுவிட்ச். பொத்தானோட சேதி அந்த விளக்கு வழியாத்தான் போகணும். விளக்குக்குக் கரண்ட் இல்லேன்னா சேதி இல்லை. திங்கட்கிழமை ஒண்ணு நாற்பத்திரண்டுக்கு முன்னால ஒரு கை இதே மாதிரி உள்ளே போயிருக்கு." குரலை உயர்த்தவே இல்லை. "அன்னிக்கு நீங்க கிளினிக்ல தூங்கலை டாக்டர்."

டாக்டர் முக்காலியில் உட்கார்ந்தார். அலமாரிக்குள்ளிருந்து எடுத்த கையை மடியில் வைத்து, யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நான் இந்த வீட்டுலதான் வளர்ந்தேன்," என்றார். "வெளியே போறவன் நடை விளக்கை அணைச்சுட்டுத்தான் போகணும். எங்கம்மா சட்டம். மறந்துட்டுப் போனா மாடிப்படியிலேருந்து திரும்பக் கூப்பிட்டு அணைக்க வைப்பாங்க. நான் அணைச்சேன்னே எனக்குத் தெரியாது மேடம். சத்தியமா தெரியாது."

"தெரியும். அதனாலதான் நீங்களே செஞ்சு பார்க்கட்டும்னு விட்டேன். நான் வாயால சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டீங்க."

"வந்ததை ஏன் சார் மறைச்சீங்க?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

டாக்டர் தரையைப் பார்த்தபடியே சொன்னார். "கருவி மாட்டினதுக்கப்புறம் அன்னிக்குத்தான் முதல் தடவையா சாப்பிட வந்தேன். மறுபடி கேமரா பேச்சு எடுத்தேன். வேண்டாம்னாங்க. என்னைவிட உங்களுக்கு அந்தப் பொத்தான்தான் பெரிசாப் போச்சுன்னு கத்தினேன். வாசல்ல நின்னுக்கிட்டு, 'விழுந்து கிடந்தா அதையே கூப்பிட்டுக்கோங்க, என்னைக் கூப்பிடாதீங்க'ன்னு சொல்லிட்டுப் போனேன். அதுதான் நான் அவங்ககிட்ட கடைசியாப் பேசினது. அதை எப்படி மேடம் ஸ்டேஷன்ல சொல்வேன்?"

நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மனுஷன் பேர் கேட்டார். மேடம் கொடுத்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் புகார்த் தாளை எடுத்தார். டாக்டர் வேண்டாம் என்று தலையசைத்தார். தாள் நாலாக மடிந்து இன்ஸ்பெக்டரின் சட்டைப் பைக்குள் போனது. மணி நாலே முக்கால்.

பெண் சுவரோரம் நின்றிருந்தாள். விடுதலை ஆனவள் போலவே தெரியவில்லை. மெதுவாக நடந்து வந்து, அலமாரிக்குள் கையை விட்டுச் சுவிட்சைத் தட்டி விளக்கைப் போட்டாள்.

"நானும் இதைத் திறந்து பார்க்கலை சார்," என்றாள். "உங்களை மட்டும் சொல்லிக்காதீங்க."

அவர் அவளை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "அம்மா... எத்தனை தடவை அழுத்தியிருப்பாங்கம்மா? அது தெரியுமா?"

"பார்க்கலாம் சார். சேதி போகாட்டியும் அழுத்தினது எல்லாம் பொத்தானுக்குள்ளயே தேதி வாரியா இருக்கும்." கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிய தொழில்காரியின் வாய் அது. மேடத்திடம் இருந்து பொத்தானை வாங்கி, ஒரு சின்ன வயரால் மடிக்கணினியோடு இணைத்தாள். மேடம் அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். நான் ரிப்போர்ட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு மறுபக்கம் நின்றேன். திரை நிரம்பியது. திங்கட்கிழமை என்ற வரிக்கு எதிரே எண் வந்தது.

அவள் விரல் அப்படியே நின்றுவிட்டது.

"எத்தனை?" என்றார் டாக்டர். முக்காலியிலிருந்து எழுந்து எங்களை நோக்கி வர ஆரம்பித்தார்.

அவள் மடிக்கணினியை மூடினாள். அவசரமாக மூடவில்லை. வேலை முடிந்துவிட்டால் மூடுவது போல மூடினாள்.

"ஒரு தடவை சார்," என்றாள். "விழுந்ததும் ஒரே ஒரு தடவை அழுத்தியிருக்காங்க. உடனே நினைவு போயிருக்கும்."

"அப்ப அவங்க காத்துக்கிட்டு இருக்கலையா?"

"இல்லை சார்."

டாக்டர் அலமாரியில் சாய்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு வாய்விட்டு அழுதார். அந்த ஐந்து நாளில் அவர் அழுதது அதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். பெண் பொத்தானிலிருந்து வயரைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டி முடித்த பிறகும் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

மேடத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம் தள்ளி எழுதினால்கூட முழு அறிக்கையையும் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுத வைக்கிறவர்.

"கேபிள்," என்றார். "ரிப்போர்ட்ல எழுதிக்கோ. ஒரு தடவை."

அறுபத்து மூன்று என்று பாதி எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ஒன்று என்று எழுதினேன்.